ஒரே உறையில் இரண்டு கத்தி!

"ஒரே உறையில ரெண்டு கத்தியா? அது எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார் என் மாமியார்.

அவர் கேட்டது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி! எண்பது வயது அனுபவத்தில் வந்த அந்தக் கேள்விக்கு, பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் லோயரும் மட்டுமே முடித்த எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரியும். நான் பட்ட பாடு மற்ற சகோதரிகளுக்கும் உதவட்டுமே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னவர் பால் ஏஜென்ஸி நடத்துகிறார். விடியற்காலை நான்கரைக்குப் பால் வண்டி வந்துவிடும். ஐந்து மணிக்கெல்லாம் கணக்கு எழுத உட்கார்ந்துவிடுவார். முன்பெல்லாம் நோட்டில்தான் எழுதினார். 2013-ல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். ஊரில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் சொல்லி, பால் கணக்குக்கென்றே ஒரு புரோகிராமும் எழுதி வாங்கினார். யார் வீட்டுக்கு எத்தனை லிட்டர், ஊருக்குப் போனதால் பால் நிறுத்திய நாள் எத்தனை, பழைய பாக்கி எவ்வளவு, எல்லாம் அதில் அத்துப்படி. எழுதிக் கொடுத்தவர் பிற்பாடு வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கேயோ போய்விட்டார். அவர் எழுதிய புரோகிராம் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது விண்டோஸ் 7. இதைத்தான் 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்கிறார்கள். பெரிய வார்த்தையாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டரை ஒரு வீடு என்று வைத்துக்கொண்டால், ஆபரேட்டிங் சிஸ்டம்தான் வீட்டை நடத்தும் குடும்பத் தலைவி. எந்தச் சாமான் எந்த அலமாரியில், எந்த வேலை முதலில், வாசலில் வந்து நிற்பவரை உள்ளே விடலாமா கூடாதா, எல்லாம் அவள் பொறுப்பு. வீடு பழையதாக இருந்தாலும் அவள் சுறுசுறுப்பாக இருந்தால் காரியம் நடக்கும்.

எங்கள் வீட்டில் வந்த சங்கடம் இதுதான். விண்டோஸ் 7-ஐத் தயாரித்த மைக்ரோசாஃப்ட் கம்பெனி, 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு அதைப் பராமரிப்பதை நிறுத்திவிட்டது. அதாவது, புதுப்புது வைரஸ்களுக்கு மருந்து அனுப்புவது நின்றுவிட்டது. 2023-ன் தொடக்கத்தில் குரோம் பிரௌசரும் விண்டோஸ் 7-க்குப் புதுப் பதிப்பு தருவதை நிறுத்தியது. அதுவரை அவர் கணக்குக்கு ஒரு குறையும் இல்லை. 2024-ல் மகள் பி.காம். சேர்ந்தாள். அப்போதுதான் வந்தது வினை!

கல்லூரிப் பாடம், விண்ணப்பம், உதவித்தொகை, எல்லாம் இன்டர்நெட் வழியாகத்தான். எங்கள் கம்ப்யூட்டரோ, "உங்கள் பிரௌசர் பழையது" என்று சொல்லிவிட்டுப் பாதி ஜன்னல்களைத் திறக்கவே மறுத்தது. போனிலேயே பத்துப் பக்கம் டைப் செய்து குழந்தைக்குக் கழுத்து வலியும் கண் எரிச்சலும் வந்ததுதான் மிச்சம். பிறகு சாயங்காலம் பிரௌசிங் சென்டருக்குப் போக ஆரம்பித்தாள். இருட்டின பிறகு தனியாக வருவாள். அவள் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும் வரை எனக்கு அடுப்பில் கவனம் இருக்காது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

ரிப்பேர் கடையில் கேட்டோம். "இதெல்லாம் காயலான் கடைக்குப் போடற சாமான்மா. நாற்பதாயிரம் ரூபாய் எடுத்து வையுங்க, புதுசா தர்றேன்" என்றார் கடைக்காரர். நாற்பதாயிரமா? அந்த மாதம்தான் கல்லூரிக்குப் பணம் கட்டிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். சரி, இதிலேயே புது விண்டோஸ் 11 போடலாமா என்றால், இந்தக் கம்ப்யூட்டரின் பழைய பிராசஸரை அது ஏற்றுக்கொள்ளாதாம். அது கேட்கும் பாதுகாப்புச் சில்லும் இதில் கிடையாதாம். அப்படியே புதிது வாங்கினாலும், அவருடைய பால் கணக்குப் புரோகிராம் அதில் ஓடுமா என்று உறுதியாகச் சொல்ல யாரும் இல்லை.

இந்தக் கவலையை ஒருநாள் கோவையில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் போனில் கொட்டினேன். அவன் சிரித்தான். "அத்தை, பழசைத் தூக்கிப் போடவே வேணாம். மாமாவுக்கு விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். பக்கத்துலேயே லினக்ஸ் போட்டுடலாம். நான் படிச்சதே அந்த மாதிரி லேப்டாப்லதான்" என்றான்.

எனக்கும் அது நினைவுக்கு வந்தது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதல்லவா? அவனுக்குக் கிடைத்ததில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. லேப்டாப்பைப் போட்டதும், "எது வேண்டும்?" என்று கேட்கும். அவன் பாட்டுக்கு மாற்றி மாற்றி வேலை செய்வான்.

லினக்ஸ் என்பதும் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம்தான். 1991-ல் பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஆரம்பித்து வைத்தது. இன்றைக்கு உலகமெங்கும் எத்தனையோ பேர் சேர்ந்து வளர்க்கிறார்கள். இலவசம்! அதில் பல வகை உண்டு. எங்களுடையதைப் போன்ற, 4 ஜிபி மெமரி உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு 'லினக்ஸ் மின்ட்' என்பதில் 'எக்ஸ்எஃப்சிஇ' என்ற இலேசான வகை போதும் என்றான். அந்த 2024 ஜூலையில் வந்த பதிப்புக்கு 2029 வரை பராமரிப்பு உண்டு.

அவரிடம் சொன்னேன். யோசித்தார். "கணக்குல ஒரு வரி போனாலும் யார் பாக்கியை யாருகிட்டப் போய்க் கேக்கறது? 1,60,000 ரூபாய் வெளியில நிக்குது. பாத்துச் செய்" என்றார். அந்த "பாத்துச் செய்" என்ற ஒரு வார்த்தை என் வயிற்றில் கல்லைக் கட்டிவிட்டது.

முதல் வேலை, கணக்கை எல்லாம் வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வைப்பது. மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். நானே ஒரு பென் டிரைவைச் செருகி, கம்ப்யூட்டர் திரையில் இருந்த 'பால் கணக்கு' என்ற படத்தை அதில் காப்பி செய்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. 'அட, இவ்வளவுதானா?' என்று எனக்கே பெருமை! ராத்திரி அண்ணன் மகனுக்குப் போன் செய்து, "எல்லாம் எடுத்தாச்சுடா. ஞாயித்துக்கிழமை வேலையை ஆரம்பிச்சிடலாம்" என்றேன்.

"எவ்வளவு சைஸ் காட்டுது அத்தை?" என்று கேட்டான்.

"2 கேபி."

போனில் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அத்தை, அது கணக்கு இல்லை. கணக்கு எங்கே இருக்குன்னு சொல்ற விலாசச் சீட்டு. வீட்டைத் தூக்கிட்டு வந்ததா நினைச்சுக்கிட்டு, வாசல்ல மாட்டியிருந்த பேர்ப் பலகையைக் கழட்டிட்டு வந்திருக்கீங்க."

எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. அவன் மட்டும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால்? அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. பதினோரு வருஷக் கணக்கு, விலாசச் சீட்டு ஒன்றை நம்பி நின்றிருக்குமே!

மறுநாள் அவன் சொல்லச் சொல்ல, கணக்கு இருக்கும் உண்மையான ஃபோல்டரை 'டி' டிரைவில் கண்டுபிடித்தேன். 340 எம்பி இருந்தது. இரண்டு பென் டிரைவில் தனித்தனியாக எடுத்தேன். இரண்டிலும் அதே 340 எம்பி காட்டுகிறதா என்று பார்த்தேன். கூடவே குடும்ப ஃபோட்டோக்களையும் எடுத்தேன். அதோடு நிற்கவில்லை. பாக்கிப் பட்டியலை மட்டும் காகிதத்தில் அச்சடித்து, மாமியாரின் டிரங்குப் பெட்டியில் அவர் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். என்ன இருந்தாலும் காகிதம் காகிதம்தானே!

அண்ணன் மகன், லினக்ஸ் போட்ட ஒரு 8 ஜிபி பென் டிரைவை ஊருக்கு வந்த அண்ணியிடம் கொடுத்து அனுப்பியிருந்தான். அதில் ஒரு சௌகரியம். கம்ப்யூட்டரில் எதையும் தொடாமல், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். புடவைக் கடையில் பில் போடும் முன் தோளில் போட்டுப் பார்ப்போமே, அது மாதிரி! கம்ப்யூட்டரைப் போட்டவுடன் ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிலவற்றில் எஃப் 12, சிலவற்றில் எஃப் 9 அல்லது எஸ்கேப். எங்களுடையதில் எஃப் 12. படம் வந்தது, பாட்டுக் கேட்டது, இன்டர்நெட் வந்தது. மகளின் கல்லூரிப் பக்கமும் திறந்தது! அவள் கைதட்டியே விட்டாள்.

அடுத்தது இடம் ஒதுக்குவது. எங்கள் ஹார்டு டிஸ்க் 500 ஜிபி. அதில் பாதிக்கு மேல் காலியாகத்தான் கிடந்தது. விண்டோஸுக்குள்ளேயே இதற்கு வழி இருக்கிறது. 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்ற பகுதிக்குப் போய், 'டி' டிரைவைச் சுருக்கி 100 ஜிபியை விடுவித்தோம். அந்த இடம் கறுப்புப் பட்டையாகத் தெரிந்தது. கூடத்தின் நடுவே ஒரு தடுப்பு எழுப்பி, இரண்டு குடித்தனம் வைக்கிற மாதிரிதான். லினக்ஸ் மின்டுக்குக் குறைந்தது 20 ஜிபி வேண்டும், 100 ஜிபி இருந்தால் தாராளம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சுருக்குகிற வேலை நடக்கும்போது கரண்ட் போகக் கூடாது. எங்கள் யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மாதாந்திரப் பராமரிப்புக்காக என்றைக்கு மின்சாரத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று பேப்பரில் பார்த்துவிட்டு, அது முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் தேர்ந்தெடுத்தேன். முகூர்த்தம் பார்த்த மாதிரி!

பிறகு லினக்ஸைப் பதிக்கும் கட்டம். திரையில் இரண்டு வழி காட்டியது. ஒன்று, விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸை வைப்பது. இன்னொன்று, முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டு வைப்பது. இரண்டும் அடுத்தடுத்த வரி. விரல் ஒரு வரி தவறினால் போச்சு! மகள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "நீயே அமுக்கும்மா. தப்பாப் போனா அப்பா என்னைத் திட்டுவார்" என்றாள். நான் மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன். பிறகு பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, 'பக்கத்தில்' என்பதை அமுக்கினேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு பட்டியல் வந்தது. மேலே லினக்ஸ் மின்ட், கீழே விண்டோஸ் 7. விண்டோஸுக்குள் போய்ப் பார்த்தேன். பால் கணக்கு பத்திரம்! அன்று சாயங்காலம் கேசரி கிளறினேன்.

மறுநாள் திங்கள்கிழமை காலை ஐந்து மணி. என்னவர் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு முகம் கழுவப் போனார். அந்தப் பட்டியல் பத்து விநாடிதான் காத்திருக்குமாம். யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் முதலில் இருப்பது தானாக ஓட ஆரம்பிக்கும். அவர் திரும்பி வந்தபோது லினக்ஸ் நின்றது. "என் கணக்கு எங்கே?" என்று ஒரு சத்தம்! ஓடிப்போய் அணைத்து, மறுபடி போட்டு, விண்டோஸைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். மடமடவென்று 36 வீட்டுக் கணக்கைப் போட்டார். பிறகுதான் கவனித்தார். எல்லாவற்றிலும் முதல் நாள் தேதி! திரையில் மணியைப் பார்த்தால், ஞாயிறு இரவு பதினொன்றே முக்கால்.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. காலை டிபன் இறங்கவில்லை.

அண்ணன் மகன் எழுந்ததும் காரணம் சொன்னான். கம்ப்யூட்டருக்குள் ஒரு சிறு கடிகாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் அதில் நம் ஊர் நேரத்தை வைக்கும். லினக்ஸோ உலகப் பொது நேரத்தை வைத்துவிட்டு, அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டி நமக்குக் காட்டும். ஆக, லினக்ஸ் வைத்துவிட்டுப் போன நேரத்தை, 'இதுதான் நம் ஊர் நேரம்' என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விடுகிறது! ஒரே கடிகாரத்தை இரண்டு மருமகள்கள் இரண்டு விதமாகச் சாவி கொடுத்த கதை. விடியற்காலையில் கணக்கு எழுதாத வீடாக இருந்தால் தேதி மாறியிருக்காது, மணி மட்டும்தான் தப்பியிருக்கும்.

லினக்ஸ் பக்கம் போய், அவன் சொன்ன ஒரு வரியை எழுத்தெழுத்தாகத் தட்டினேன். 'இந்தக் கடிகாரத்தை ஊர் நேரத்திலேயே வை' என்பதுதான் அதன் பொருள். டைப்ரைட்டிங் லோயர் அன்றைக்குக் கை கொடுத்தது! விண்டோஸில் மணியைச் சரி செய்தேன். அந்தப் பட்டியலிலும் விண்டோஸே முதலில் ஓடும்படி மாற்றினோம். பிறகு உட்கார்ந்து 36 வீட்டுக் கணக்கையும் நானே தேதி மாற்றிப் போட்டேன். மறுநாள் காலை அவர் கணக்கு எழுதும்போது காபியை வைத்துவிட்டுப் பின்னாலேயே நின்றேன். "தேதி சரியாத்தான் இருக்கு. போய் வேலையைப் பாரு" என்றார். அப்பாடா!

அன்றிலிருந்து இன்றுவரை இரண்டு குடித்தனமும் ஒழுங்காக நடக்கிறது. அதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட சில சட்டங்களையும் சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸ் 7 பக்கம் இன்டர்நெட்டை அடியோடு நிறுத்திவிட்டோம். மருந்து வராத வீட்டில் வாசலைத் திறந்து வைக்கலாமா? அங்கே பால் கணக்கும், பில் அடிக்கும் பழைய பிரின்டரும் மட்டும்தான். பேங்க், கல்லூரி, கடிதம் எல்லாம் லினக்ஸ் பக்கம். லினக்ஸிலிருந்து விண்டோஸின் 'டி' டிரைவைத் திறந்து பார்க்கலாம். விண்டோஸுக்கு லினக்ஸின் அறையைத் திறக்கத் தெரியாது. ஆகையால் இரண்டு பேருக்கும் வேண்டியதை 'டி' டிரைவில்தான் வைப்போம். விண்டோஸை 'ஹைபர்னேட்' செய்து தூங்க வைத்துவிட்டு லினக்ஸுக்குள் போகக் கூடாது. முழுவதும் அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் வைத்த ஃபைல்கள் கெட்டுப்போகலாம். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றி முடித்ததும் பால் கணக்கை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துவிடுவேன். அந்த வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய கம்ப்யூட்டர் பழையதுதான். மகள் ஒரே சமயத்தில் பத்து ஜன்னல் திறந்தால் திணறும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஒவ்வொரு முறையும் அணைத்துப் போட வேண்டும். ஆனாலும் அந்த நாற்பதாயிரம் மிச்சம். அதைவிட, இருட்டின பிறகு வாசலில் செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருக்கும் அவஸ்தை இல்லை. உதவித்தொகை விண்ணப்பத்தைக் கடைசித் தேதிக்கு முன்னாலேயே எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அனுப்பினாள். நானும் மத்தியான வேளையில் லினக்ஸ் பக்கம் போய் வீட்டுக் கணக்கு எழுதுகிறேன். தமிழிலேயே!

மாமியாருக்கும் பதில் சொல்லிவிட்டேன். "அத்தை, உறை ஒண்ணுதான். ஆனா ரெண்டு கத்தியும் ஒரே நேரத்துல வெளியில வராது. ஒண்ணு வேலை செய்யறப்போ இன்னொண்ணு சத்தம் போடாம உள்ளேயே கிடக்கும்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதான் பார்த்தேன். நானும் என் ஓரகத்தியும் ஒரே அடுப்பங்கரையில பன்னிரண்டு வருஷம் சமைச்சோம். காலையில அவ, சாயங்காலம் நான். முறை வச்சுக்கிட்டா சண்டை ஏது?" என்றார்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கும் இலவசப் பராமரிப்பு முடிந்துவிட்டது. அதிலிருந்து எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேர், "கம்ப்யூட்டரைத் தூக்கித்தான் போடணுமா?" என்று விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். போன வாரம் பால் வாங்க வந்த ஒருவர் என்னவரிடமே கேட்டார். உள்ளே நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எங்க வீட்டம்மாவைக் கேளுங்க, அவங்கதான் பாத்துச் செய்வாங்க" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது.

அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வந்தேன். வந்தவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "முதல்ல காப்பி எடுத்தீங்களா? எவ்வளவு சைஸ் காட்டுது?"